கடி வாங்கிய காசு

தண்டவாளத்தில் வைத்து ரயில் ஏற்றிய காசை, ‘நாணயச் சாலையில் நேர்ந்த அபூர்வப் பிழை, உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்’ என்று சொல்லி விற்க வருகிறவர்கள் தினமும் நாலு பேராவது என் திரையில் வந்து நிற்பார்கள். அமிலத்தில் ஊறவைத்து இளைக்கவைத்த காசு, சுத்தியலால் அடித்து அகலமாக்கிய காசு, இரண்டு காசைக் குடைந்து ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி இரண்டு பக்கமும் தலையாக்கிய காசு என்று வகைக்கொன்றாக வரும். கதை மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். தாத்தாவின் பெட்டியில் கிடந்ததாம். உலகத்துத் தாத்தாக்கள் எல்லோரும் வேறு வேலைவெட்டி இல்லாமல் பெட்டியில் காசைப் போட்டு மூடிவிட்டுத்தான் கண்ணை மூடியிருக்கிறார்கள்.

பழைய பொருட்களை இணையத்தில் விற்றுத் தருகிற கம்பெனி அது. நாணயப் பிரிவில் எனக்கு வேலை. விற்பவர் அனுப்பும் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, அசல் என்றால் பச்சை டிக் போட வேண்டும். போலி என்றால் நிராகரித்துக் காரணம் எழுத வேண்டும். டிக் விழுந்த காசு பத்து மடங்கு விலைக்குப் போகும். என் பெயர் எங்கேயும் வராது. ‘சரிபார்ப்பாளர் 7’ என்று மட்டும் இருக்கும்.

அதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் நாணயச் சாலையிலேயே இருந்தேன். ஓடுகிற பட்டையில் வரும் காசுகளில் கோணல்மாணலாக இருப்பதைப் பொறுக்கி வாளியில் போடும் வேலை. அங்கே அதற்குக் கழிசல் என்று பெயர். வாளி நிறைந்ததும் உலைக்குப் போய்விடும். பிறகு பொறுக்குவதற்கு இயந்திரம் வந்தது, எங்களையும் பொறுக்கி வெளியே போட்டார்கள். நாங்கள் கை வலிக்க வலிக்கக் கழித்ததைத்தான் வெளியே பொக்கிஷம் என்று தேடுகிறார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

எனவே என்னிடம் மிச்சமிருந்த சொத்து என் கண் மட்டும்தான். கணவர் போய்விட்டார், பிள்ளை இல்லை. வாடகையும் சாப்பாடும் அந்தக் கண்ணால்தான் ஓடின. மூன்று வருடத்தில் நான் போட்ட டிக் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்கவில்லை.

கர்வம் எங்கே தெரியும் என்றால், நான் எழுதும் காரணத்தில் தெரியும். மற்ற சரிபார்ப்பாளர்கள் ‘சேதமடைந்த காசு, ஏற்க இயலாது’ என்று ஒரே வரியை நாள் முழுக்க ஒட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. பொய் சொன்னவனுக்கு அவன் பொய் எங்கே பல்லிளிக்கிறது என்று காட்டிக் கொடுக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ‘அன்புள்ள விற்பனையாளருக்கு’ என்று கம்பெனி வழக்கப்படி ஆரம்பித்து, தாங்கள், தங்கள் என்று மரியாதை குறையாமல், பத்து வரிக்கு எழுதுவேன்.

எங்கள் மேலாளர் ஒரு சின்ன வயசுப் பெண். எந்நேரமும் கழுத்தில் ஹெட்போன் தொங்கும், அதனால் அவருக்கு எங்களுக்குள் ஹெட்போன் என்றே பெயர். நான் எழுதுவதைத்தான் மக்கள் அதிகம் படிக்கிறார்கள் என்று ஒரு நாள் ஹெட்போன் கணக்குக் காட்டினார். அதிலிருந்து சிலவற்றை எடுத்து ‘அசலை அறிவது எப்படி’ என்று தளத்தில் ஒரு பக்கமே போட்டார்கள். அதை வீட்டில் நாலு நாள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன்.

வீட்டில் என்றால், என் தம்பியிடம். என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவன். அம்மா போன பிறகு நான் வளர்த்தவன். ஒரு வணிக வளாகத்தின் மாடிப்படிக்குக் கீழே சாவி வெட்டும் கடை வைத்திருக்கிறான். இரண்டு முறை கல்யாணம் ஆகி இரண்டு பேரும் விட்டுவிட்டுப் போன பிறகு, சாப்பாடு என் வீட்டில்தான். படிப்பு வரவில்லை, வேலை நிலைக்கவில்லை, குடும்பம் தங்கவில்லை. அவனுக்கு நான் வைத்த பெயர் செல்லாக்காசு. பாசத்தில்தான் அப்படிக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் கை செய்ததை ஒரு தடவையும் நான் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. எனக்குக் குறைதானே முதலில் கண்ணில் படும், அதுதானே என் தொழில்.

‘பழம்பெட்டி’ என்ற பெயரில் ஒரு விற்பனையாளர் வர ஆரம்பித்தது போன வருடம். அனுப்பியது எல்லாம் ஒரே வகை: விளிம்பில் பிறை வடிவத்தில் ஒரு துண்டு குறைந்த காசு. கடி வாங்கிய காசு என்று நாங்கள் சொல்வோம். மாவைத் தேய்த்து டம்ளரால் வட்டம் வட்டமாக வெட்டுகிறோம் இல்லையா, அதுபோலத்தான் தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டி எடுப்பார்கள். தகடு சரியாக நகராவிட்டால் அடுத்த வெட்டு முந்தின ஓட்டையின் மேல் கொஞ்சம் விழும். அந்த வில்லையில் ஒரு கடி குறையும். அப்படியே அச்சடித்து வெளியே வந்துவிட்டால் அது அபூர்வம். அரத்தை வைத்து ராவி விட்டால் அது அயோக்கியத்தனம்.

பழம்பெட்டியின் முதல் காசு அரம் போட்டது. பார்த்த உடனே தெரிந்தது. எழுதினேன்: ‘அன்புள்ள விற்பனையாளருக்கு, அசலில் கடிக்கு நேர் எதிரே உள்ள விளிம்பு மங்கியிருக்கும். வில்லைக்கு விளிம்பு தூக்கும்போது கடிபட்ட பக்கம் அழுத்தம் கிடைக்காமல் போவதால், எதிர்ப்பக்கமும் எழும்பாது. தங்கள் காசில் எதிர் விளிம்பு முழுசாக நிற்கிறது. எனவே இந்தக் கடி அச்சடித்த பிறகு கையால் செய்யப்பட்டது.’

இரண்டு வாரம் கழித்து வந்த காசில் எதிர் விளிம்பு மங்கியிருந்தது. ஆனால் தேய்த்து மங்கவைத்தது. எழுதினேன். அடுத்ததில் தேய்த்த தடம் இல்லை, ஆனால் கடியின் வளைவு சின்னது. கடியின் வளைவும் காசின் வளைவும் ஒன்றாக இருக்க வேண்டும், இரண்டையும் வெட்டியது ஒரே வெட்டுக்கருவி அல்லவா என்று எழுதினேன். அடுத்ததில் வளைவு சரி, வெட்டுமுகம் தவறு: அசலில் பாதி வழவழப்பாகவும் பாதி பிய்ந்தும் இருக்கும். எழுதினேன். இப்படிப் பதினாலு முறை.

எனக்குச் சந்தேகமே வரவில்லையா என்று கேட்கலாம். வந்தது. ஏமாற்றுக்காரன் என்று முதல் காசிலேயே தெரியும். ஆனாலும் எழுதினேன். அவன் ஒவ்வொரு முறையும் நான் சொன்னதைக் கேட்டு, சொன்னபடி திருத்திக்கொண்டு வந்து நின்றான். என் ஐம்பத்தோரு வருடத்தில் நான் சொன்னதை அவ்வளவு கவனமாகக் கேட்டவர்கள் யாரும் கிடையாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவனுடைய அடுத்த காசு எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

எல்லாவற்றையும் எழுதிவிட நான் முட்டாளும் இல்லை. ஓர் அடையாளத்தை மட்டும் எங்கேயும் எழுதாமல் வைத்திருந்தேன். கடி வாங்கிய வில்லையை அச்சு அழுத்தும்போது, காலியான பக்கம் பார்த்து உலோகம் ஒழுகும். அதனால் கடிக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்துகள் கடியை நோக்கி இழுபட்டுச் சாய்ந்திருக்கும். அரத்தால் அறுத்தால் எழுத்து அப்படியே நிமிர்ந்து நின்று பாதியில் வெட்டுப்படும். இதைக் கையால் செய்யவே முடியாது என்பது என் எண்ணம். பூட்டின் சாவி அது. என்னிடம் மட்டும் இருந்தது.

ஒரு மத்தியானம், கடை விடுமுறை, தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எப்போதும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறவன் அன்று, எப்படி இதெல்லாம் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டான். என் வேலையைப் பற்றி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு மனசு இளகிவிட்டது. விரலைத் தண்ணீரில் தொட்டு மேஜைமேல் வட்டம் போட்டேன், கடி போட்டேன், எழுத்து எப்படிச் சாயும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். அவன் சாப்பிட்ட கை காய்ந்துபோகும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் விரலாலும் கெட்டேன்.

மூன்று மாதம் கழித்து பழம்பெட்டியின் பதினைந்தாவது காசு வந்தது. எதிர் விளிம்பு, வளைவு, வெட்டுமுகம், தராசில் வைத்து எடுத்த படத்தில் எடை, எல்லாம் சரி. கடைசியாக எழுத்தைப் பெரிதாக்கினேன். கடிக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்துகள், காற்றில் சாய்ந்ததுபோல் கடியைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. மூன்று வருடம் குப்பையாகப் பார்த்த கண்ணுக்கு, கடி வாங்கிய காசில் இதுதான் முதல் அசல். இவ்வளவு நாள் போலி செய்து பார்த்தவன் கடைசியில் எங்கேயோ நிஜத்தையே வாங்கி விற்கிறான், திருந்திவிட்டான் என்றுகூட நினைத்தேன். டிக் போட்டேன்.

அன்று சாப்பாட்டின்போது தம்பியிடம் சொன்னேன். அவன் தட்டைப் பார்த்துச் சிரித்தான். “உன் கண்ணுக்கு எது தப்பும்” என்றான்.

வாங்கியவர் ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர். கம்பெனி மூலமாக ‘சரிபார்ப்பாளர் 7 அவர்களுக்கு’ என்று நன்றி எழுதியிருந்தார். முப்பத்தோரு வருடம் கண்ணை நம்பி வண்டி ஓட்டினேன், இப்போது கண் மங்கிவிட்டது, இனிமேல் உங்கள் கண்ணைத்தான் நம்புகிறேன் என்று இருந்தது. ஓய்வுப் பணத்தில் பாதியை இதில் போட்டிருக்கிறாராம், இரண்டு வருடத்தில் மூன்று மடங்காகும் என்று பழைய காசு பற்றிய ஏதோ வீடியோவில் சொன்னார்களாம். அந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வர வேண்டும் என்று முகவரியும் கொடுத்திருந்தார். பாதி ஓய்வுப் பணம் என்ற வரியை இரண்டு முறை படித்தேன். ஆனால் காசு அசல்தானே என்று என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

கம்பெனி விதிப்படி, காசு கைக்கு வந்து பத்து நாள்வரை பணம் கம்பெனியிடம் இருக்கும். வாங்கியவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் திரும்பிவிடும். பத்தாம் நாள் மாலை ஆறு மணிக்கு விற்றவருக்குப் போய்விடும்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் பழம்பெட்டியின் பதினாறாவது காசு வந்தது. அதிலும் எழுத்து சாய்ந்திருந்தது. அதே இரண்டு எழுத்து, அதே கோணம். முந்தின படத்தைப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தேன். மயிரிழைகூட விலகவில்லை.

பத்தொன்பது வருடம் கழிசல் பொறுக்கியவள் நான். ஆயிரம் கோணல் பார்த்திருக்கிறேன், ஒன்றுபோல் இன்னொன்றைப் பார்த்ததில்லை. தவறு ஒரே மாதிரி இரண்டு முறை நடக்காது. நடந்தால் அதற்கு அச்சு இருக்கிறது, அச்சுக்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது. யாருடைய கை என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எழுத்துச் சாய்வை நான் சொன்னது ஒரே ஒருவனிடம். மேஜை ஈரம் காய்ந்துவிட்டது, அவன் மனசில் காயவில்லை.

வேலை முடிய ஒரு மணி நேரம் இருந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டு நேரே கடைக்குப் போனேன். கடை என்றால் ஓர் ஆள் உட்காரும் பொந்து. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள், ஒரு பிடிகுறடு, ஒரு சின்னக் கடைசல் இயந்திரம். தம்பி பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஏதோ செய்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினான். மறைக்கவில்லை. மறைத்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

“எப்பக் கண்டுபிடிச்ச?” என்றான்.

“ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. தப்பு ஒரே மாதிரி ரெண்டு தடவ நடக்காது.”

“எனக்கு நடந்திருக்கு” என்றான். அவன் கல்யாணங்களைச் சொல்கிறான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அந்த எழுத்தைச் சாய்க்க ஒரு குட்டி எஃகு அச்சு வெட்டியிருந்தான். எடுத்துக் காட்டினான். அரிசி அளவுதான் இருந்தது. அதில் இரண்டு எழுத்தும் திருப்பிப்போட்டுச் சாய்வாக வெட்டப்பட்டிருந்தன. நாற்பத்தேழு அச்சு வீணாகி நாற்பத்தெட்டாவது சரியாக வந்ததாம். நாணயச் சாலையில் அச்சு வெட்டும் பெரிய கைகளை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவரால்கூட அதைச் செய்திருக்க முடியாது. சொல்ல வாய் வந்தது, விழுங்கிவிட்டேன்.

ஓட்டுநரைப் பற்றிச் சொன்னேன். பாதி ஓய்வுப் பணம் என்றேன். நாளை ஆறு மணிக்குள் விற்பனையை ரத்து செய் என்றேன். முடியாது என்றான். அந்த ஆள் சந்தோஷமாக இருக்கிறார், அவர் சந்தோஷத்தைக் கெடுக்க நீ யார் என்று கேட்டான். கம்பெனியில் சொல்லிவிடுவேன் என்றேன்.

“சொல்லு. டிக் போட்டது யாருன்னு கேப்பாங்க.”

“ஏன்டா இப்படிப் பண்ணின? காசு வேணும்னா என்னைக் கேட்டிருக்கலாமே.”

அவன் மேஜை இழுப்பறையைத் திறந்தான். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கோப்பு. நான் எழுதிய பதினாலு காரணங்களையும் அச்செடுத்துத் தேதிவாரியாக அடுக்கியிருந்தான். முக்கியமான இடங்களில் கோடு போட்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு புத்தகத்துக்கும் அட்டை போடாதவன்.

“முதல் காசு விளையாட்டா அனுப்புனேன். பதில் வந்ததும் நீதான்னு தெரிஞ்சிருச்சு. திட்டுறது உன்ன மாதிரியே இருந்துச்சு, மரியாதைதான் புதுசு.” கோப்பை மூடினான். “சின்ன வயசுலேர்ந்து நான் எதச் செஞ்சாலும் நல்லா இல்லன்னு சொல்லுவ. ஏன் நல்லா இல்லன்னு சொன்னதில்ல. இதுலதான் சொன்ன. ‘அன்புள்ள’ன்னு போட்டு.”

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்கார இடமும் இல்லை.

“செல்லாக்காசு செஞ்ச காசு செல்லுது பாத்தியா” என்றான். அதைச் சொல்லும்போது அவன் சிரித்திருந்தால் ஓங்கி அறைந்திருப்பேன். சிரிக்கவில்லை.

இழுப்பறையில் கிடந்த பதினாறாவது காசை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அவன் தடுக்கவில்லை. அன்று சாப்பிடவும் வரவில்லை. அவனுக்கு வைத்த சாப்பாடு மூடியபடியே இருந்தது.

மறுநாள் காலை ஹெட்போன் முன்னால் போய் நின்றேன். டிக்கை எடுக்க வேண்டும் என்றேன். அவர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் இறக்கினார். ஒரு டிக்கை எடுத்தால் எல்லா டிக்கின் மேலும் சந்தேகம் வரும், அதற்கு மறுஆய்வுக் குழு கூட வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றார். வாங்கியவரே புகார் கொடுத்தால் மட்டும் உடனே நிறுத்தலாமாம். பிறகுதான் கேட்டார், போலி என்று எப்படித் தெரியும் என்று.

பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு காசும் ஒன்றுபோல் இருக்கின்றன என்பதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்குக் காரணத்தை முழுசாகச் சொல்லித்தான் பழக்கம். செய்தவன் என் தம்பி, வழி சொல்லிக் கொடுத்தது நான் என்றேன். அவர் மற்ற காதிலிருந்தும் ஹெட்போனை இறக்கினார்.

அரை மணி நேரத்தில் காரியம் முடிந்தது. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள், கணினியைப் பூட்டினார்கள், என் தண்ணீர் பாட்டிலையும் கண்ணாடிக் கூட்டையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். பழம்பெட்டியின் கணக்கை மூட மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார்கள். ஓட்டுநருக்கு ஒரு வரியாவது எழுதுங்கள் என்று கேட்டேன். கம்பெனியின் பெயர் கெடுகிற மாதிரி எதையும் எழுத்தில் தர வக்கீல் விடமாட்டாராம். என்னை எடுத்துவிட்டார்கள். டிக்கை எடுக்கவில்லை.

இரண்டு பஸ் மாறி ஓட்டுநர் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி நாலே முக்கால். மூன்றாவது மாடி. வாசலில் செருப்புகள் வரிசையாக, கோடு போட்டதுபோல் வைக்கப்பட்டிருந்தன. கதவைத் திறந்தவர் மெலிந்த மனிதர். வலது கை மட்டும் வெயிலில் கறுத்திருந்தது, முப்பத்தோரு வருடம் ஜன்னல் ஓரமாக நீட்டிய கை. காசு விஷயமாக வந்திருக்கிறேன் என்றதும் முகம் மலர்ந்தது. நான்தான் சரிபார்ப்பாளர் ஏழு என்றதும் சுருங்கியது.

“கார்டு இருக்குங்களாம்மா?”

“இன்னிக்குக் காலையில வாங்கிக்கிட்டாங்க.”

தலையை ஆட்டினார். பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் கதை சொன்னவர்களை முப்பத்தோரு வருடம் பார்த்தவரின் தலையாட்டல் அது. இருந்தாலும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டுச் சமையலறை வாசலிலேயே நின்றார்.

காசு போலி என்றேன். ஆறு மணிக்குள் போனை எடுத்து வேண்டாம் என்று ஓர் அழுத்து அழுத்தினால் பணம் அப்படியே திரும்பிவிடும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து வந்தார். ‘அசலை அறிவது எப்படி’ பக்கத்தின் அச்செடுத்த நகல். காசையும் புத்தம்புது பூதக்கண்ணாடியையும் எடுத்து மேஜைமேல் வைத்து, என் வரிகளை எனக்கே விரல்விட்டுப் படித்துக் காட்டினார்.

“எதிர் விளிம்பு மங்கியிருக்கணும். மங்கியிருக்கு. வளைவு ஒண்ணா இருக்கணும். இருக்கு. வெட்டுன இடம் பாதி வழவழன்னு, பாதி பிஞ்சு. பாருங்க.” கண்ணாடியை என் பக்கம் தள்ளினார். “இதையெல்லாம் படிச்சவங்க எழுதியிருக்காங்கம்மா. நீங்க சும்மா போலின்னா எப்படி?”

எழுதியது நான்தான் என்றேன். அதற்கும் தலையை ஆட்டினார். காசு வாங்கிய பத்து நாளுக்குள் யாராவது வீடு தேடி வந்து போலி என்று பயமுறுத்துவார்கள், திருப்பி அனுப்பியதும் அவர்களே வாங்கிக்கொள்வார்கள், ஏமாறாதீர்கள் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்களாம். என்மேல் கோபம் இல்லை, பிழைப்புக்காக எத்தனையோ பேர் எத்தனையோ செய்கிறார்கள் என்று ஆறுதல் வேறு சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவளை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன்.

மணி ஐந்தரை. கடைசியாக என்னிடம் இருந்தது ஒன்றுதான். கைப்பையைத் திறந்து பதினாறாவது காசை எடுத்து, அவருடைய காசுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“இதப் பாருங்க. ரெண்டுலயும் எழுத்து எங்க சாயுதுன்னு பாருங்க.”

அவர் கண்ணாடியை எடுத்தார். முதலில் அலட்சியமாகப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கமாக நகர்ந்து, வெளிச்சத்தில் ஒன்றைப் பார்த்து இன்னொன்றைப் பார்த்து, திரும்பவும் முதலாவதைப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்றவர் கிட்டே வந்தார். மங்கிய கண்தான், ஆனால் பார்க்கத் தெரிந்த கண். சாய்வைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் உதடு அசைவதைப் பார்த்து, புரிந்துவிட்டது, இனி பயமில்லை என்று மூச்சு விட்டேன்.

“அப்படியே இருக்கு” என்றார். “துளி வித்தியாசம் இல்ல.”

“ஆமாங்க. அதைத்தான் சொல்றேன்.”

“ஜோடி” என்றார் மனைவியிடம். “ஜோடி கெடைக்கவே கெடைக்காதுன்னு வீடியோவுல சொன்னாங்களே, அது.”

அவர் மனைவி இரண்டு காசையும் எட்டிப் பார்த்தார். ஓட்டுநர் என் காசை மேஜைமேல் திரும்ப வைக்கவில்லை. இரண்டையும் ஒரே உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, முதல் முறையாக என்னை மரியாதையோடு பார்த்தார்.

“இதுக்குத்தான் சுத்தி வளைச்சுப் பேசுனீங்களா? நேராவே கேட்டிருக்கலாமேம்மா. எனக்கே குடுத்துடுங்க. இன்னும் பாதிப் பணம் அப்படியேதான் இருக்கு.”

இது விற்கிறதுக்கு இல்லை என்றேன். விலையை ஏற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். பேசி முடித்துக்கொள்ளலாம், அவசரம் ஒன்றும் இல்லை, உட்காருங்கள் என்று நாற்காலியை எனக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டார்.